உறங்கும் மயிர்க்கால்கள்

என் மகளின் தலையில் விழுந்த முதல் வட்டத்தைக் கண்டுபிடித்தது என் கண் அல்ல, விரல். பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வேகவேகமாகப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். வலது காதுக்கு மேலே, ஒரு பெரிய ஸ்டிக்கர் பொட்டு அகலத்துக்கு, வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. முடியை விலக்கிப் பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை. காயமில்லை, சொறியில்லை, தடிப்பில்லை. முடி மட்டும் இல்லை.

அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. லோதி ரோடு சர்க்கார் குவார்ட்டர்ஸில் முதல் மாடியில் இருந்தோம். மெட்ரோ ரயிலுக்காக தில்லியை மூலைக்கு மூலை தோண்டிப் போட்டிருந்த வருஷங்கள் அவை. என் வீட்டுக்காரர் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. நான் விலங்கியல் படித்துவிட்டு, கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து வந்து, ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. நிலையத்தின் பெயர் வேண்டாம். அங்கே தப்புச் செய்தவள் நான்தான், நிலையம் அல்ல.

புழுவெட்டு என்று நம் ஊரில் சொல்வார்கள். புழுவும் கிடையாது, வெட்டும் கிடையாது. உடம்பின் காவல் அணுக்களே எதையோ எதிரி என்று நினைத்து மயிர்க்காலைத் தாக்குகின்றன என்று டிஸ்பென்சரி டாக்டர் சொன்னார். களிம்பு கொடுத்தார். ஒரு வட்டம் மூன்றாயிற்று, மூன்று ஏழாயிற்று. பிறகு எண்ணிக்கை நின்றுபோனது, ஏனென்றால் வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. பெரிய ஆஸ்பத்திரியில் மண்டையிலேயே ஊசி போட்டார்கள். மூன்றாவது ஊசிக்கு அவள் என் கையைக் கடித்துவிட்டாள். நான்காவதற்கு நான் கூட்டிக்கொண்டு போகவில்லை.

மாடிவீட்டு மாமி தஞ்சாவூர்க்காரர். நல்ல மனுஷி, ஆனால் வாய் சும்மா இருக்காது. "சின்ன வெங்காயத்தைத் தட்டித் தேய்டி, ஒரு மண்டலத்துல புசுபுசுன்னு வந்துடும்" என்றார். தில்லியில் சின்ன வெங்காயத்துக்கு எங்கே போவது? ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குத்தான். சனிக்கிழமை தோறும் போய் ஒரு கிலோ வாங்கி வந்து, சாம்பாருக்குக்கூடப் போடாமல் அவள் தலையில் தேய்த்தேன். வீடு நாறியது. பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் என் மகள் பையைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "மம்மி, பஸ், போதும். இனிமே வெங்காயம் நஹீன். முடி இல்லைன்னா இல்லை. ஸ்மெல் வேண்டாம்."

நான் கேட்கிற ரகம் இல்லை. ஒரு காரியம் நடக்கவில்லை என்றால் எனக்கு வருத்தம் வருவதற்கு முன்னால் கோபம் வரும். டாக்டர் மேல், வெங்காயத்தின் மேல், கல்யாண வீட்டில் அவள் தலையில் கட்டியிருந்த ஸ்கார்ஃபைப் பார்த்துவிட்டு "ஐயோ பாவம், பொம்பளப் புள்ள" என்று உச்சுக்கொட்டின ஒவ்வொருத்தி மேலும். உண்மையைச் சொன்னால் கோபம் அவள் மேலும் இருந்தது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் தலைக்குத்தான் போகும். அவளும் அதைக் கவனித்திருந்தாள். நான் அறைக்குள் நுழைந்தால் கை தானாக ஸ்கார்ஃபை இழுத்துவிட்டுக்கொள்ளும். 

இப்போது என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சார் கோயம்புத்தூர்க்காரர். முடிதான் அவர் ஆராய்ச்சி. அவருக்கே தலையில் பாதி இல்லை. அதைச் சொல்லிக் கிண்டல் செய்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். ஒவ்வொரு மயிர்க்காலின் பக்கத்திலும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. புதிது புதிதாக அணுக்களைப் பெற்றெடுக்கிற மூல அணுக்கள். அவை பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கும். ஒரு முடி விழுந்தால் கொஞ்ச காலம் கழித்து எழுந்து அடுத்த முடியைக் கட்டிவிட்டு மறுபடி உறங்கப் போய்விடும். அவற்றை நாம் விரும்பும்போது மருந்தால் தட்டி எழுப்ப முடியுமா? இதுதான் சாரின் கேள்வி.

அதற்காகக் கறுப்பு எலிகள் வைத்திருந்தோம். ஏழு வார வயதில் அவற்றின் முதுகில் மயிர்க்கால்கள் எல்லாம் ஒன்றாக உறங்கும். அப்போது சின்ன மெஷினால் முதுகைச் சிரைத்துவிட்டால் தோல் ரோஸ் நிறத்தில் இருக்கும். ஒரு கூண்டுக்கு, ஸ்பிரிட்டில் கரைத்த மருந்தைச் சொட்டுச் சொட்டாகத் தடவுவேன். பக்கத்துக் கூண்டுக்கு மருந்து கலக்காத வெறும் ஸ்பிரிட். அப்படி ஒரு கூண்டு இல்லாவிட்டால், வந்த முடி மருந்தால் வந்ததா தானாக வந்ததா என்று யாருக்கும் சொல்ல முடியாது. மருந்துக் கூண்டில் இரண்டு வாரத்துக்குள் ரோஸ் நிறத் தோல் சாம்பலாகும், சாம்பல் கறுக்கும், கறுத்த இடத்தில் முள் முள்ளாக முடி கிளம்பும். வெறும் ஸ்பிரிட் எலிகள் இன்னும் மொட்டை முதுகோடு அலைந்துகொண்டிருக்கும். அதை முதல் தடவை பார்த்தபோது சார், "பாருங்க அம்மணி, எந்திரிச்சிருச்சுங்க!" என்று சின்னப் பையன் மாதிரி மேஜையைத் தட்டினார்.  நான் எலியைப் பார்க்கவில்லை. என் வீட்டில் ஸ்கார்ஃபை இழுத்துவிட்டுக்கொள்கிற கையைப் பார்த்தேன்.

கரைத்த மருந்து மறுநாளைக்கு ஆகாது. மிச்சத்தை அன்றன்றே கொட்டிவிட வேண்டும் என்பது விதி. கொட்டப் போவதைத்தான் எடுத்தேன், ஆகவே அது திருட்டு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சின்ன பாட்டிலில் ஊற்றி, வெளிச்சம் படாமல் அலுமினியத் தாள் சுற்றி, சாப்பாட்டுப் பையில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்து பஸ்ஸில் கொண்டு வந்தேன்.

ஆனால் எலிக்கு முதலில் சிரைப்பேன் அல்லவா? இருக்கிற முடி இருந்தால் மருந்து தோலில் சரியாக இறங்காது. மகள் தலையில் அங்கங்கே திட்டுத் திட்டாக முடி மிச்சம் இருந்தது. அதை எடுக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு என்ன காரணம் சொல்லி மொட்டை போடுவது? நம் ஊர்க்காரிக்கு இதற்குப் பதில் யோசிக்கவே வேண்டாம். திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ச்சை என்று சொன்னேன். முடியை முருகனுக்குக் கொடுத்தால் முருகன் முடியைத் திருப்பிக் கொடுப்பார். ஊருக்குப் போக லீவு இல்லை, இங்கேயே எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து வைத்து, பிறகு கொண்டுபோய்ச் செலுத்திவிடலாம். வாயில் இவ்வளவும் தங்குதடையில்லாமல் வந்தது. சாமி படத்துக்கு விளக்கேற்றக்கூட வேறு ஆள் பார்க்கிறவள் நான்.

வீட்டுக்காரர் உடனே கையெடுத்துக் கும்பிட்டார். "நானே சொல்லணும்னு நெனச்சேன். நீ திட்டுவியேன்னுதான் சொல்லல" என்றார். மாமி மட்டும் தயங்கினார். "நாளைக்குப் பெரியவளாகப் போற பொண்ணுக்கு மொட்டையாடி?" என்றவர், முருகன் பெயரைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மார்க்கெட்டில் மரத்தடியில் கடை போட்டிருந்த நாவிதரைக் கூட்டி வந்தோம். அவர் பெண் குழந்தையைப் பார்த்ததும் கத்தியைக் கையில் எடுக்கவில்லை. வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா என்று இந்தியில் மெதுவாகக் கேட்டார். இல்லை, சாமிக்கு என்றேன். "பகவானுக்கு இது எதற்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் சிரைத்தார். என் மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, உதடு அசையச் சாமி கும்பிட்டாள். அவள் உண்மையிலேயே நம்பிவிட்டாள். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

நிறுத்தவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள், நான் வேலை முடிந்து வந்ததும், பால்கனிப் பக்கம் வெளிச்சத்தில் ஸ்டூல் போட்டு அவளை உட்காரவைத்தேன். டாக்டர் கொடுத்த புது மருந்து என்றேன். ஆஸ்பத்திரி ஊசியைப் பார்த்தவளுக்குச் சொட்டு மருந்து ஒரு பொருட்டே இல்லை.

"ஏட்டி, ஆடாம இரு. எரியுதா?"

"நஹீன். டண்டா லக்தா ஹை. ஜில்லுனு இருக்கு."

"அரிச்சா சொல்லணும், கேட்டியா? சொறியக் கூடாது."

"அச்சா பாபா, அச்சா."

பிறகு லேபிலிருந்து கொண்டு வந்த லென்ஸை வைத்துத் தலையை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பேன். எலித்தோல் மாதிரி நம் தோல் நிறம் மாறிக் காட்டாது என்று தெரியும். தெரிந்தும் பார்ப்பேன்.

முடி வந்தது. முதலில் பின்னந்தலையில், பூனைமுடி மாதிரி மெல்லிசாக, அதுவும் வெள்ளையாக. அவள் பயந்துவிட்டாள். கிழவியாகிவிட்டேனா என்று அழுதாள். புழுவெட்டில் முதலில் வெள்ளையாக வரும், பிறகு கறுக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தது எனக்கு நினைவிருந்தது. அப்படியே கறுத்தது. இரண்டு மாதத்தில் தலை முழுதும் கறுப்பு வெல்வெட் துணி போர்த்தினாற்போல் ஆயிற்று. மாமி தேங்காய் உடைத்தார். வீட்டுக்காரர் அலுவலகம் முழுக்க முருகன் மகிமையைப் பேசினார். நான் வாயே திறக்கவில்லை. உள்ளுக்குள் எனக்கு இருந்த மமதையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். முருகனாவது, வெங்காயமாவது. நான் வர வைத்தேன், இந்தக் கை வர வைத்தது என்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்திருக்கிறேன்.

மருந்தை நிறுத்தி நான்கைந்து மாதம் இருக்கும். ஒரு காலையில் கூண்டு மாற்றும்போது, மருந்து தடவியவற்றில் ஓர் எலியைக் கையில் எடுத்தேன். முதுகில் கட்டைவிரலுக்குக் கீழே கடுகு மாதிரி ஏதோ உருண்டது. முடியை ஊதிப் பார்த்தேன். தோலுக்குள் ஒரு சின்ன உருண்டை. கடிபட்ட காயம் ஆறியிருக்கும் என்று எழுதிவைத்தேன். அடுத்த வாரம் அது மிளகு அளவு இருந்தது. அதே கூண்டில் இன்னும் இரண்டு எலிகளுக்குக் கடுகு வந்திருந்தது. பக்கத்தில் வெறும் ஸ்பிரிட் கூண்டைத் திறந்து ஒவ்வொன்றாகத் தடவினேன். ஒன்றுக்கும் இல்லை. திரும்பவும் தடவினேன். ஒன்றுக்கும் இல்லை.

சார் உருண்டையை வெட்டி எடுத்து ஸ்லைடு போடச் சொன்னார். நானேதான் போட்டேன். மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் குனிந்திருந்துவிட்டு நிமிர்ந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"எழுப்பத் தெரிஞ்சுதுங்க அம்மணி. திருப்பித் தூங்க வெக்கத் தெரியலீங்க" என்றார். "எல்லாத்தயும் நிறுத்திருங்க. மருந்துப் பொடியப் பூட்டி வெச்சிருங்க."

"கேன்சரா சார்?"

"அதோட ஒரு வகைங்க. எலிக்கு."

எலிக்கு. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் தொங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும்.  வீட்டுக்குப் போனதும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவளைக் கூப்பிடுவேன். இப்போது முடி காதுவரை வந்திருந்தது. பத்து விரலையும் உள்ளே விட்டுத் தேடுவேன். கடுகு இருக்கிறதா? காதுக்கு மேலே ஒரு மேடு தட்டுப்பட்டால் அங்கேயே திரும்பத் திரும்ப அழுத்திப் பார்ப்பேன். எலும்பு. பின்னால் இன்னொன்று. கொசுக்கடி. "மம்மி, ரோஜ் ரோஜ், டெய்லி எண்ணெயா?" என்று அவள் சலித்துக்கொண்டாள். அவளை எந்த டாக்டரிடம் கொண்டு போவது? போனால் என்ன தடவினீர்கள் என்று கேட்பார். பெயரே வைக்காத மருந்து அது. சொன்னால் வேலை போகும், சார் மாட்டிக்கொள்வார், போலீஸ்கூட வரலாம். வீட்டுக்காரர் முகத்தில் எப்படி விழிப்பேன்? இப்படி என் தலையைக் காப்பாற்றிக்கொள்ள யோசித்துக்கொண்டே அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

மூன்று வாரம் தாங்கினேன். ஒரு நாள் மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போனபிறகு சாரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கொட்ட வேண்டிய மிச்சம், ஐஸ் கட்டி, நேர்ச்சை, மொட்டை, எல்லாம். சொல்லி முடித்ததும் அவர் என்னை அடித்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒரு வெள்ளைத் தாளை இழுத்தார், பேனாவைத் திறந்தார்.

"எத்தன நாளைக்குத் தடவுனீங்க?"

"அஞ்சு வாரம் சார். ஒருநா விட்டு ஒருநா."

"ஒரு தடவைக்கு?"

"பத்துச் சொட்டு."

"முடி எத்தனாவது நாள்ல வந்துச்சுங்க?"

"இருபத்திமூணாம் நாள். மொதல்ல பின்னந்தலையில, வெள்ள முடி."

ஒரு கேள்விக்கும் நான் யோசிக்கவில்லை. பதினோரு வருஷம் அவர் கேட்கக் கேட்கச் சொல்லிப் பழகிய வாய். அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே வந்தார். நாங்கள் இரண்டு பேரும் யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது கொஞ்ச நேரம் இரண்டு பேருக்குமே மறந்துபோயிருந்தது.

"தடவாத எடம்னு ஏதாச்சும் விட்டு வெச்சீங்களா?" என்றார்.

இதுவரை எழுதியதில் இந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். விட்டு வைத்திருந்தேன். இடது காதுக்குப் பின்னால், முடி முழுசாகக் கொட்டியிருந்த இடத்தில், இரண்டு விரல் அகலம். அங்கே மட்டும் வேறு பாட்டிலிலிருந்து வெறும் ஸ்பிரிட் தடவினேன். முதல் நாளே அப்படிச் செய்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. பெற்ற பெண்ணின் தலை என்று பாராமல் கை தன் பழக்கத்தைச் செய்துவிட்டது.

"வெச்சேன் சார்."

அவர் பேனா நின்றது. "அங்க வந்துச்சுங்களா?"

"வந்துது."

"எப்போ?"

"அதே நாள்ல. மத்த எடத்துக்கு எப்படி வந்துதோ, அப்படியே."

எனக்கு அது அப்போதே தெரியும். லென்ஸில் பார்த்தேன். பார்த்துவிட்டு, மருந்து வழிந்திருக்கும் என்று சொல்லி மனதை மூடினேன். வழியவில்லை. என் கை ஒரு சொட்டை வழியவிடுகிற கை இல்லை.

சார் பேனாவை மூடி வைத்தார். "அப்ப மருந்தால வரலீங்க அம்மணி" என்றார். குரல் ரொம்பத் தணிந்திருந்தது. "புழுவெட்டு செல பேருக்குத் தானாவே சரியாப் போயிரும்ங்க. கொளந்தைக்கு வர்ற நேரம், வந்திருச்சு. நீங்க சும்மா இருந்திருந்தாலும்…"  எழுதிய தாளை நாலாய் மடித்துக் கிழித்துக் கூடையில் போட்டார். தனக்குத் தெரிந்த ஒரு தோல் டாக்டர் பெயரை எழுதிக் கொடுத்தார். நான் வேறு பிரிவுக்கு மாறிக்கொள்வது நல்லது என்றார். எத்தனை வருஷம் தலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்டேன்.

"எலிக்குன்னா நாலு மாசம்னு சொல்லுவேன். மனுசனுக்கு யாருங்க பாத்திருக்கா?" என்றார்.

அந்தத் தோல் டாக்டர் ஒன்றுமில்லை என்றார், அடுத்த வருஷமும் ஒன்றுமில்லை என்றார். அதற்குப் பிறகு நான்தான் பார்க்கிறேன். என் மகளுக்கு இப்போது இடுப்புவரை முடி. பார்க்கிறவர்கள் கண் வைக்கிறார்கள். அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் எண்ணெய் தேய்க்கிற நாள். வேறு ஊரில் வேலை பார்க்கிறாள், ஆனாலும் லீவுக்கு வந்தால் முதல் வேலையாக என் முன்னால் தரையில் வந்து உட்கார்ந்துவிடுவாள். நான் உச்சியிலிருந்து ஆரம்பித்து, காதுக்கு மேலே, பிடரியில், ஒரு விரல்கடைகூட விடாமல் அழுத்தி அழுத்தித் தடவிப் பார்ப்பேன். அவள் தலையை என் முழங்காலில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். அம்மாவின் கை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.